தனியாக ஆடியவர் தீர்ப்பு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகள் மறுபடி விலைபோவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கருவிகளைப் பற்றி எழுதியிருந்தது பெரும்பாலும் சரி. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் பெட்டி கட்டி, 'வாங்கி ஏமாற வேண்டாம்' என்று சில கேம்களின் பெயரைப் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்று, சோனியின் பி.எஸ்.பி. கருவிக்காக ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்'. "கேமரா கோளாறு, மந்தமான சண்டை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பத்துக்கு நான்கு" என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த நான்கு மதிப்பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஊரே ரிச்சி தெரு என்று சொல்லும் நரசிங்கபுரம் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் சால்டரிங் அயர்னுமாக கேம் கருவிகளை சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். புதுக் கருவிகள் எல்லாம் வருகின்றன. ஆனாலும் பி.எஸ்.பி. வராத வாரம் இல்லை. அதன் தயாரிப்பை சோனி 2014-லேயே நிறுத்திவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதை அம்மா வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உப்பிப்போன பேட்டரி, சுற்றாத டிஸ்க், தொடாமலேயே ஒரு பக்கமாக இழுக்கும் அனலாக் என்ற திசைக் குமிழ். அனேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ரிப்பேர் முடிந்ததும் டெஸ்ட் செய்ய எதையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஃப்ரீடம் யுனைட் என்றால், வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டீ சொல்ல வேண்டியிருக்கும். இந்த கேமைப் பற்றிப் பாராட்டும் திட்டும் என் மேசையில் கொட்டிக்கிடக்கிற அளவுக்கு வேறு எதற்கும் கிடையாது.

தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். ஜப்பானில் 2008 மார்ச் மாதமும் மற்ற நாடுகளில் 2009-லும் வெளியானது. பொக்கே என்றொரு பனிமலைக் கிராமம். நீங்கள் அங்கே வேட்டைக்காரர். மற்ற ரோல்-பிளேயிங் கேம்களில் சண்டை போடப் போட ஆளுக்கு லெவல் ஏறும், இதில் லெவலே கிடையாது. வீழ்த்திய மிருகத்தின் செதிலையும் கொம்பையும் தோலையும் பட்டறையில் கொடுத்து வாளும் கவசமும் செய்துகொள்ள வேண்டும். பலம் ஆயுதத்தில்தான், ஆளிடம் இல்லை. ஆயுதத்தில் 11 வகை. பெரும்பாலான வேட்டைக்கு 50 நிமிடம் கெடு. அதற்குள் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வி. விழும்போதெல்லாம் பூனைகள் தள்ளுவண்டியில் போட்டு முகாமில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். மிருகத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி என்று காட்டும் கோடு திரையில் எங்கேயும் இல்லை. அது நொண்ட ஆரம்பித்தால் ஆட்டம் முடியப்போகிறது என்று நாமே கண்டுகொள்ள வேண்டும்.

இப்போது குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். கேமரா, அதாவது ஆட்டத்தை நாம் பார்க்கும் கோணம், அந்த விஷயத்தில் கட்டுரையாளர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பி.எஸ்.பி.யில் அனலாக் ஒன்றே ஒன்றுதான், இடது பக்கம் கீழே. ஆள் நடப்பது அதில். கேமராவைத் திருப்புவது அதற்கு நேர் மேலே உள்ள அம்புக்குறி பட்டன்களில். இரண்டுக்கும் இடது கட்டைவிரல் ஒன்றுதான் இருக்கிறது. ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டுமானால் ஆள்காட்டி விரலை மேலேயிருந்து மடக்கிக் கொண்டுவந்து அம்புக்குறிமேல் வைத்தாக வேண்டும். உலகம் முழுக்க இந்த கேம் ஆடியவர்களுக்கு அந்தக் கோணல் பிடி பழக்கம். ஒருவர் இதைத்தான் அதிகம் ஆடினார் என்பது கருவியைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அம்புக்குறிக்குக் கீழே உள்ள ரப்பரில் இடதும் வலதும் மட்டும் தேய்ந்திருக்கும், மேலும் கீழும் புதிதாக இருக்கும். "ண்ணா, விரல் வலிச்சுதுன்னு டாக்டர்கிட்ட போனேன், டைப்பிங் வேலையான்னு கேட்டாரு, ஆமான்னு சொல்லிட்டேன்" என்றார் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர். இது குறைதான் என்று கேப்காமே ஒப்புக்கொண்ட மாதிரி, பிறகு நின்டெண்டோவின் 3டி.எஸ். என்ற கையடக்கக் கருவிக்கு வந்த மான்ஸ்டர் ஹன்டர் வரிசைக் கேம்களில் ஒரு பட்டனைத் தட்டினால் கேமரா மிருகத்தின் பக்கம் திரும்பும் வசதியை வைத்தார்கள்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட குறையையும் நானே சொல்கிறேன். பிளீசியாத் என்றொரு மீன் மாதிரியான ராட்சத மிருகம். தவளையைத் தூண்டிலில் மாட்டித் தண்ணீரிலிருந்து அதை வெளியே இழுக்கலாம். கரைக்கு வந்ததும் இடுப்பால் ஒரு இடி இடிக்கும் பாருங்கள், நமக்கும் அதற்கும் நடுவில் வெற்று இடம் கண்ணுக்குத் தெரியும்; ஆனாலும் நம் ஆள் பறந்துபோய் விழுவார். இதைத் திட்டாத ஆட்டக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த கேமைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் பிளீசியாத் என்றதும் பல்லைக் கடிப்பார்கள். அப்புறம், காடு மலையெல்லாம் எண் போட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை இருண்டு காத்திருக்க வேண்டும். டிஸ்க்கில் ஓட்டினால் ரொம்பப் படுத்தும். மெமரி ஸ்டிக்கில் டேட்டாவை இன்ஸ்டால் செய்துகொள்ள கேமிலேயே வழி இருக்கிறது, செய்தால் காத்திருப்பு நன்றாகக் குறையும். அதைச் செய்யாமலேயே பல வருஷம் ஆடினேன் என்று கடையில் வந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு.

'மந்தமான சண்டை' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய வாளை ஓங்கினால் ஓங்கினதுதான், பாதியில் நிறுத்தி ஓட முடியாது. மருந்து குடித்தால் நின்ற இடத்தில் நின்று குடித்து முடித்து, கையை மடக்கி ஒரு தெம்பு போஸ் வேறு கொடுப்பார் நம் ஆள். அந்த நேரத்தில் மிருகம் பாய்ந்தால் குடித்த மருந்து வீண். கத்தி மழுங்கினால் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து தீட்ட வேண்டும். முதலில் ஆடுகிறவருக்கு இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் கொஞ்ச நாளில் கண் பட்டனை விட்டுவிட்டு மிருகத்தின் மேல் போய்விடும். தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறது, எந்தப் பாய்ச்சலுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது, எப்போது மருந்து குடிக்கலாம் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகும். என் வாடிக்கையாளர் ஒருவர் மெடிக்கல் ரெப். வேலை காரணமாக எந்நேரமும் டாக்டர் அறை வாசலில் காத்திருக்கிறவர். அவர் சொன்னது: "வேற கேம்ல நான் ஜெயிச்சா என் ஆளு பெரிய ஆளாயிட்டான்னு அர்த்தம். இதுல நான் ஜெயிச்சா எனக்கு விவரம் வந்துடுச்சுன்னு அர்த்தம் பாஸ்."

2018-ல் வந்த 'மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு'-இல் நடந்துகொண்டே மருந்து குடிக்கலாம், பகுதிக்குப் பகுதி காத்திருப்பும் கிடையாது. பழைய ஆட்களில் ஒரு பாதிப் பேர் 'அப்பாடா' என்றார்கள். இன்னொரு பாதிப் பேர் இன்னும் என்னிடம் வந்து 'உப்பு குறைஞ்சுபோச்சு' என்று புலம்புகிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

மூன்றாவது குற்றச்சாட்டு, திரும்பத் திரும்ப ஒரே வேலை என்பது. இங்கேதான் நான் சொல்லவந்ததே இருக்கிறது. உண்மைதான், ஒரு கவசம் முடிக்க ஒரே மிருகத்தை எத்தனையோ தடவை வேட்டையாட வேண்டியிருக்கும். மிருகத்திடமிருந்து கிடைக்கும் அரிய பாகம் எப்போதோ ஒரு தடவைதான் விழும். வேண்டும் என்று நினைத்தால் விழாது, வேண்டாம் என்றால் இரண்டாக விழும். நம் ஆசையை மோப்பம் பிடிக்கும் சென்சார் ஒன்று கருவிக்குள் இருக்கிறது என்று ஜப்பான்காரர்களே கேலி பேசுவார்கள். நான் எத்தனையோ போர்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

இதைத் தனியாக உட்கார்ந்து செய்கிறவருக்குத் தண்டனைதான். ஆனால் இந்த கேம் நான்கு பேருக்காகக் கட்டியது. பி.எஸ்.பி.யில் உள்ள வயர்லெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் இன்டர்நெட் இல்லாமலேயே சேர்ந்து ஆடலாம். மூன்று மயக்கம் என்ற கணக்கு நான்கு பேருக்கும் சேர்த்துத்தான். ஒருவரே மூன்று தடவை விழுந்தாலும் நால்வரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பெரிய வாள் வைத்திருப்பவர் கீழிருந்து மேலே வீசினால் முன்னால் நிற்கும் நண்பர் ஆகாயத்தில் பறப்பார். நீளவாள்காரர் பக்கத்தில் நிற்பவரைத் தடுக்கிவிட்டுக்கொண்டே இருப்பார். இதற்கெல்லாம் வரும் சண்டை இருக்கிறதே, அதுதான் பாதி விளையாட்டு. ஹன்டிங் ஹார்ன் என்றொரு ஆயுதம் இருக்கிறது, அடிக்கவும் செய்யலாம், ஊதவும் செய்யலாம். ஊதினால் கூட இருப்பவர்களுக்கும் தெம்பு கூடும். தனியாக ஆடுகிறவர் அதைச் சீந்த மாட்டார். நாலு பேர் கூட்டத்தில் ஹார்ன்காரர் வராத அன்று எல்லோரும் பொருமுவார்கள்.

முன்பு எங்கள் சந்தில் கடை அடைத்த பிறகு படிக்கட்டில் ஒரு கூட்டம் உட்காரும். செல்போன் உதிரிபாகம் விற்கும் பையன், கொரியர் தம்பி, நான், அன்றைக்கு யார் சிக்கினாலும் நாலாவது ஆள். கண் தெரியாத, வெள்ளைத் தோல் கொண்ட கெசு என்றொரு மிருகம் உண்டு. குகைக் கூரையில் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கக்கும். மற்ற மிருகம் வந்தால் சண்டை மியூசிக் அதிரும்; இது வந்தால் மியூசிக்கே இருக்காது. நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு 'எங்கடா இருக்கு?' என்று திரையைத் துழாவுவோம். யாராவது ஒருவர் கத்துவார். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டுவார். அரிய பாகத்துக்காகப் பத்தாவது தடவை அதே குகைக்குப் போவது எங்களுக்கு வேலையாகவே தெரிந்ததில்லை. வேட்டை நடந்துகொண்டிருக்கும், ஊர்க்கதையும் நடந்துகொண்டிருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு கேரம் ஆட்டக்காரரிடம் உங்கள் பெட்டிச் செய்தியைக் காட்டினேன். "போர்டுல ஒத்தையா உக்காந்து ரெண்டு பக்கமும் தானே ஆடிப் பாத்துட்டு, கேரம் போர் அடிக்குதுன்னு எழுதுவாங்களா இவங்க?" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

ஜப்பானில் இது 30 லட்சத்துக்கு மேல் விற்றதற்கும், மற்ற நாடுகளில் அந்த அளவு எடுபடாததற்கும் இதுவே முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அங்கே ரயிலிலும் பள்ளி வாசலிலும் நாலு பேர் கையில் நாலு கருவி இருந்தது. சென்னையில் தெருவுக்கு ஒரு பி.எஸ்.பி. இருந்தால் பெரிது. நாலு கருவி, நாலு பேரிடமும் இதே கேம், நாலு பேருக்கும் ஒரே நேரம் ஓய்வு என்பதெல்லாம் லேசில் அமையாது. (அந்த நாலு கேமில் எத்தனை ஒரிஜினல் டிஸ்க் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.) ஆகவே இங்கே பெரும்பாலோர் தனியாக ஆடி, டிக்ரெக்ஸ் என்ற ராட்சத மிருகத்திடம் அடி வாங்கி, மூடி வைத்துவிட்டார்கள். போப்போ என்ற சாது மிருகத்தின் நாக்கைக் கொண்டுவா என்று ஆரம்பத்திலேயே மலைக்கு அனுப்புவார்கள். எளிய வேலை என்று போகிறவர் முன்னால் நம் சக்திக்கு மீறிய டிக்ரெக்ஸ் வந்து நிற்கும். அங்கே சண்டை போடக் கூடாது, ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு அனுபவசாலி இருந்தால் 'டேய், ஓடுடா' என்பார். தனியாக இருப்பவருக்கு யார் சொல்வது? அவர் கொடுக்கும் நான்கு மதிப்பெண்ணை நான் தப்பு சொல்லவே இல்லை. அவருக்குக் கிடைத்த விளையாட்டுக்கு அது சரியான மதிப்பெண்.

தனியாக ஆடினால் பிடிக்காது என்று நான் அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பீச் வரை போய் வரும் வங்கி ஊழியர் அம்மா ஒருவர் இருக்கிறார். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு வேட்டை. ஒருநாளும் யாரோடும் சேர்ந்து ஆடியதில்லை. மான்ஸ்டர் ஹன்டர் வரிசையில் இந்த கேமில் புதிதாக வந்த வசதி, துணைக்கு ஒரு பூனையைக் கூட்டிப் போகலாம். அதுதான் அவருக்குக் கூட்டாளி. ஆயுதம் வில். "ஆபீஸ்ல எது தப்பா போனாலும் யார் செஞ்சதுன்னு பஞ்சாயத்து நடக்கும். இதுல விழுந்தா நான்தான் விழுந்தேன், ஜெயிச்சா நான்தான் ஜெயிச்சேன். எனக்கு அது போதும் தம்பி" என்றார். கேமரா தொல்லையும் அவருக்குக் குறைவு. வில்லுக்குத் தூரத்தில் நின்றால் போதுமே. சுத்தியல் வைத்து மிருகத்தின் தலைக்குக் கீழே நிற்கிறவருக்குத்தான் கேமரா எமன். ஒரே கேம், ஒரே கருவி, ஆயுதம் மாறினால் அபிப்பிராயமே மாறிவிடுகிறது.

அதனால் என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. கேம் பற்றி எழுதும்போது மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். எழுதியவர் எவ்வளவு நேரம் ஆடினார், தனியாகவா கூட்டாகவா, என்ன ஆயுதம். படத்தை முதல் நாளே பார்த்து எழுதலாம், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த கேமில் இரண்டரை மணி நேரத்தில் காளான் பறித்து, கறி சுட்டு, பூனைகளின் சமையலறையில் ஒருவேளை சாப்பிட்டிருப்பீர்கள். முடிந்தால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரை எழுதச் சொல்லுங்கள், கூட ஆடியவர் ஒருவர், தனியாக ஆடியவர் ஒருவர். இருவரும் முட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, வாசகர் தனக்கு எது என்று பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. அதே பக்கத்தில் இந்த மாதிரி கேம்களையும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியையும் ஒரே பத்தியில் 'விளையாட்டு மோகம்' என்று கட்டியிருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க ஒன்றிய அரசு 2025 ஆகஸ்ட்டில் சட்டமே கொண்டுவந்துவிட்டது, நல்லது. ஃப்ரீடம் யுனைட் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது. கூடுதல் வேட்டைகளைக்கூட இலவசமாகத்தான் டவுன்லோடு செய்யக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பர்ஸைத் திறக்கச் சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. நேரம் போகும், அதை நான் மறுக்கவில்லை. என் மனைவியும் மறுக்க விடமாட்டாள்.

பழைய பி.எஸ்.பி. வாங்க நினைக்கும் வாசகர்களுக்குத் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். காசு கொடுக்கும் முன் பின்பக்கம் பேட்டரி மூடியைப் பாருங்கள். லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, விற்பவர் கண்ணெதிரிலேயே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம், அதைக் குத்தவும் அமுக்கவும் வேண்டாம். அனலாக்கை நான்கு பக்கமும் தள்ளிவிட்டு கையை எடுங்கள். திரையில் அம்பு தானாக நகர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஃப்ரீடம் யுனைட் ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இடது வலது அம்புக்குறி இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கட்டுரையாளரின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஞாயிறு எங்கள் தெரு விடுமுறை. மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அவர் வரலாம், சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடும் தூரம்தான். புது பேட்டரி போட்ட நாலு செட் தயாராக இருக்கிறது, கொரியர் தம்பிக்கும் சொல்லிவிட்டேன். எந்த ஆயுதம் வேண்டுமோ அவரே எடுத்துக்கொள்ளட்டும், பெரிய வாள் மட்டும் முதல் நாள் வேண்டாம்.

இப்படிக்கு,
கேம் சர்வீஸ் கடைக்காரர்,
ரிச்சி தெரு, சென்னை - 2.